பிள்ளைமடுவத்து டைமர்

‘முடியாது’ என்று சொல்லிச் சொல்லித்தான் இந்த வயரிங் தொழிலில் நான் இத்தனை வருஷம் உயிரோடு இருக்கிறேன். பழைய வயரில் புதிய லோட் ஏற்ற முடியாது, மழையில் ஏணி போட முடியாது, நாளைக்கே வா என்றால் வர முடியாது. இப்படிச் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்வார்கள், சிலர் கெஞ்சுவார்கள், மிச்சப்பேர் பதுளை டவுனில் வேறு ஆளைத் தேடிப் போவார்கள். ஒரே ஒரு மனுஷி மட்டும் நான் முடியாது என்றதைப் பாதிப் பேச்சாக எடுத்துக்கொண்டு மீதிக்காகக் காத்திருந்தார்.

"சரிங்க. அப்புறம்?" என்பார்.

அதில் கிண்டலும் இருக்காது, கோபமும் இருக்காது. சோறு போட்டவர் குழம்புக்குப் போவதுபோல அடுத்ததற்குப் போய்விடுவார். அந்த இரண்டு வார்த்தைக்குப் பயந்து நான் பல நாள் போனை எடுக்காமல் இருந்திருக்கிறேன். எடுக்காவிட்டாலும் பிரயோசனம் இல்லை, திரும்பத் திரும்ப அடிப்பார்.

பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளைமடுவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். விடிந்ததும் பெரட்டில் நின்று வேலைக்குப் பேர் கொடுக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து அவரிடம் ஒப்படைத்துவிட்டு மலையேறுவார்கள், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். தோட்டம் மொத்தமும் அவரை ‘ஆயாம்மா’ என்றது. செக்ரோல் என்கிற சம்பளப் பதிவில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும், நான் கேட்டதில்லை. நான் ‘அக்கா’ என்றேன், அவர் என்னை ‘பாஸ்’ என்றார். எங்கள் ஊரில் கொத்தன், தச்சன், வயர்மேன் எல்லாருமே பாஸ்தான். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம், அந்த வேலை முடியும்வரை அங்கே பாஸாக இருந்தது நான் இல்லை.

ஆள் குள்ளம். சேலைக்கு மேல் ஆம்பளை ஸ்வெட்டர் ஒன்று, முழங்கை இரண்டிலும் ஒட்டுப்போட்டது. காலில் பாட்டா செருப்பு. மெதுவாகத்தான் நடப்பார், ஆனால் அவர் சும்மா நின்றதை யாரும் பார்த்ததில்லை.

முதல்முறை பேசியது போனில்தான். அவர்கள் தோட்டத்துக் கோவிலில் லைட் போர்டு செய்தது நான், பெட்டியின் மேல் என் நம்பரை எழுதி வைத்திருந்தேன். விளம்பரம் வினையாகும் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

"கோவில் லைட்டு பொழுது சாஞ்சா தானா எரியுது, தானா அணையுது. அந்த மாதிரி ஒன்னு நம்ம மடுவத்துக்கு வேணுங்க பாஸ்."

"மடுவத்துல என்ன லைட்டு அக்கா?"

"லைட்டு இல்லங்க. ஹீட்டரு."

ஹீட்டர் வந்த கதை இது. யாரோ புண்ணியவான்கள் மடுவத்துச் சுவரில் மூன்று மின்சார ஹீட்டர்களை மாட்டிக் கொடுத்துவிட்டுப் படமும் பிடித்துக்கொண்டு போனார்கள். மார்கழி, தை மாதத்து விடியற்காலைக் குளிரில் அது பெரிய காரியம்தான். ஆனால் போடவும் அணைக்கவும் ஒரு முறை வேண்டுமே? விடியற்காலையில் போட மறந்தார்கள், போட்டதை அணைக்க மறந்தார்கள். ஒரு ஞாயிறு முழுவதும் யாருமில்லாத மடுவத்தில் ஹீட்டர் எரிந்தது. பில் வந்ததும் தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் வந்து பியூஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். இன்னொரு தடவை பில் எகிறினால் மூன்றையும் கழற்றி, தோட்டத்து மேனேஜரான துரையின் பங்களாவுக்கு அனுப்பிவிடுவதாகவும் சொல்லியிருந்தார். அந்தப் பங்களாவில் ஏற்கெனவே கணப்பு அடுப்பு இருக்கிறது!

"அந்தக் கட்டடத்து வயர் பழசு. மூனு ஹீட்டர் தாங்காது. முடியாதுக்கா" என்றேன்.

"சரிங்க. அப்புறம்?"

"புது வயர் இழுக்கணும்."

"அப்புறம்?"

அப்புறம் என்ன, அந்த வாரக் கடைசியில் வேனை எடுத்துக்கொண்டு நானே போய் நின்றேன்.

போனபோது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பனி மடுவத்து ஜன்னல் வரைக்கும் வந்திருந்தது. தாய்மார் ஒவ்வொருவராக வந்து பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஓடினார்கள். ஆயாம்மா ஒவ்வொரு பிள்ளையையும் வாங்கியவுடன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் போர்வைக்குள் கையை விட்டு இரண்டு பாதத்தையும் பிடித்துப் பார்த்தார். சில்லென்று இருந்தால் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே அடுத்த தாயோடு பேசினார்.

"ஹீட்டர் இல்லாம இத்தன வருஷம் ஓட்டலையா?" என்று கேட்டேன். நான் அப்படித்தான் கேட்பேன், என் வாய் அப்படி.

"ஓட்டுனோங்க. புள்ளைக்குச் சளி புடிச்சா தாய்க்காரி வீட்ல நிக்கணும், அவளுக்கு அன்னைக்குப் பேர் போயிரும், சம்பளம் போயிரும். அடுத்த தடவ சளியோட இருக்கிற புள்ளைய நல்லாத்தான் இருக்குன்னு மறைச்சுக் கொண்டாந்து விடுவா. அவள நான் என்னன்னு ஏசுறது? அதுலேருந்து மத்ததுக்கும் ஒட்டிக்கும். ஒரு வருஷம் ரெண்டு புள்ளைங்கள பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். ஒன்னுதாங்க திரும்பி வந்துச்சு."

அதைச் சொல்லும்போதும் அவர் கை தேய்த்துக்கொண்டுதான் இருந்தது. நான் மெயின் சுவிட்ச் எங்கே என்று கேட்டேன்.

அந்தக் கட்டடத்தில் எர்த் இல்லை. எர்த் இல்லாமல் பிள்ளைகள் கைபடுகிற இடத்தில் ஹீட்டரை இயக்க நான் சம்மதிக்கமாட்டேன், இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். கம்பி இறக்கலாமென்று பார்த்தால் சுற்றிலும் கருங்கல். மண்ணும் ஈரமாக இருக்க வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அடுத்தமுறை போனபோது மடுவத்தின் பின்பக்கம் இடுப்பளவு குழி ஒன்று இருந்தது. பக்கத்தில் குழி தோண்டிய அலவாங்கு சாய்ந்திருந்தது. ஆயாம்மாவின் இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது.

"இங்க எறக்குங்க பாஸ். புள்ளைங்க குளிச்ச தண்ணியெல்லாம் இங்கதான் ஓடும், கோடையிலயும் காயாது."

கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. அன்றிலிருந்து பிள்ளைகள் குளித்த தண்ணீரைத் தவறாமல் அந்த இடத்திலேயே ஊற்றினார். மாரியம்மனுக்கு ஊற்றுவதுபோல ஊற்றுகிறார் என்று லயத்து வீடுகளில் சிரித்தார்கள். சிரிக்கட்டும், பதுளை மாவட்டத்திலேயே நான் போட்டதில் நல்ல எர்த் அதுதான்.

இன்னொரு குணத்தையும் சொல்ல வேண்டும். வேலை முடிகிறவரை அவர் எனக்குத் தேத்தண்ணி தந்ததில்லை. நாலு பக்கமும் தேயிலை, நடுவில் நான் தொண்டை காய்ந்து நிற்பேன். "இப்ப குடுத்தா குடிச்சிட்டுக் கெளம்பிருவீங்க" என்பார். என்னை நன்றாகத்தான் எடைபோட்டு வைத்திருந்தார்.

வேலையை நான் செய்யும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்பார். டைமர் சின்னச் சாமான், மூன்று ஹீட்டர் இழுக்கிற கரண்டை அது தாங்காது, உள்ளே கருகிவிடும். ஆகவே டைமர் ஒரு மேக்னெட்டிக் சுவிட்சைத் தட்டும், அந்தச் சுவிட்ச் ஹீட்டர்களைத் தட்டும் என்று விளக்கினேன்.

"தொரை கணக்கப்பிள்ளைக்குச் சொல்லி, கணக்கப்பிள்ளை ஆளுங்கள ஏவுற மாதிரி."

"அதேதான்."

"அப்ப நேரத்த மட்டும் தொரைக்குச் சரியாச் சொல்லிக் குடுங்க."

எங்கள் தலைவலி அந்த நேரத்தில்தான் இருந்தது. ஆபீஸ் முதலில் சம்மதித்தது வட்ட முகம் உள்ள மலிவான டைமருக்கு. மோட்டார் சுற்றச் சுற்ற முகம் சுற்றும், குறித்த இடம் வந்தால் ஹீட்டர் எரியும், அடுத்த குறி வந்தால் அணையும். டவுனில் அது போதும். தோட்டத்தில் காற்றுக் காலத்தில் தினம் ஒரு மரம் லைனில் விழும், அரைநாள் கரண்ட் இருக்காது. கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், கரண்ட் வந்ததும் நின்ற இடத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும்.

"பாஸ், உங்க மணிக்கூடு கரண்டோட சேந்து தூங்குது" என்று போன் வந்தது. "புள்ளைங்க வர்றப்ப எந்திரிக்க மாட்டேங்குது, வெயில் வந்த பொறகு எந்திரிக்குது."

கையால் திருப்பிவிடுங்கள் என்றேன். அவர் திருப்பினார். அவர் இல்லாதபோது தாய்மாரும் திருப்பினார்கள். ஒருத்தி கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை ஈரத்தோடு ஹீட்டர்மேல் காயப்போட்டுவிட்டு, அது காயட்டும் என்று டைமரைத் திருப்பியிருக்கிறாள். ஆயாம்மா அந்தப் படங்கை எடுத்து மடித்து அவள் கையிலேயே கொடுத்து, "இது புள்ளைங்களுக்கு. ஒனக்கு வீட்ல அடுப்பு இருக்கு" என்றாராம். ஆனாலும் ஒருநாள் உச்சி வெயிலில் மூன்று ஹீட்டரும் எரிவதைப் பெரிய கிளாக்கர் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் நான் பண்டாரவளையில் எனக்குச் சாமான் தருகிற நானாவின் கடையில் சொல்லிவைத்து, உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரை எடுத்துக் கொடுத்தேன். கரண்ட் போனாலும் இதன் கடிகாரம் ஓடும், கிழமை வாரியாக நேரம் வைக்கலாம். பெரிய கிளாக்கர் ஒரு நிபந்தனை போட்டார். டைமர் இரும்புப் பெட்டிக்குள் இருக்க வேண்டும், பெட்டிக்குப் பூட்டு வேண்டும், சாவி ஆபீசில் இருக்கும். ஒரு மாதம் பார்ப்பார், பில் கூடினால் பெட்டி, ஹீட்டர் எல்லாம் கழன்றுவிடும். ஆயாம்மா எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றார். நான் பொத்தான்களை அமுக்கி நேரம் வைத்தேன். பிள்ளைகள் வருவதற்குக் கொஞ்சம் முந்தி எரிய வேண்டும், வெயில் ஏறியதும் அணைய வேண்டும், திங்கள் முதல் சனி வரை.

"ஞாயித்துக்கிழம?" என்று கேட்டேன்.

"மடுவம் மூடித்தாங்க இருக்கும்" என்றார் ஆயாம்மா. கிளாக்கரும் தலையாட்டினார். பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஆயாம்மா இப்போது அந்தத் தோட்டத்தில் இல்லை. ஓய்வு கொடுத்த பிறகு மகன் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று கேள்வி, மொனராகலைப் பக்கம். அங்கே அடிக்கிற வெயிலுக்கு ஹீட்டர் என்றால் ஜனங்கள் அடிக்க வருவார்கள். அவர் போன் நம்பரும் மாறிவிட்டது. பல நாள் போனை எடுக்காமல் இருந்தவன், இப்போது தெரியாத நம்பர் வந்தால் முதல் மணியிலேயே எடுக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

கொழுந்து மளமளவென்று வருகிற காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் கொழுந்து எடுப்பார்கள். அதற்குக் கைக்காசு என்று பெயர், பறித்த கொழுந்துக்கு ஏற்றபடி கையில் காசு. செக்ரோலில் பேர் விழாது என்பதால் தோட்டத்தில் யாருமே அதை வேலை நாளாக நினைப்பதில்லை. முன்பெல்லாம் அன்றைக்குக் கைப்பிள்ளைகளை லயத்தில் மூத்த பிள்ளைகளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மடுவத்தில் சூடு வந்த பிறகு, "இன்னைக்கு மட்டும் தொறங்க ஆயாம்மா" என்று தாய்மார் வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். அவரும் திறந்திருக்கிறார். கைக்காசு நாளை நாங்கள் மூன்று பேருமே டைமருக்குச் சொல்லவில்லை.

பதுளையில் காலை ரொட்டியை வாயில் வைக்கப்போனேன், போன் அடித்தது.

"பாஸ், சூடு வரல."

"இன்னைக்கு ஞாயிறு அக்கா. வராது."

"புள்ளைங்க வந்துட்டாங்க. தாய்மார் மலைக்கு ஏறிட்டாங்க. மழ வேற."

"பெட்டிக்குள்ள ஒரு பொத்தான் இருக்கு, அமுக்கினா எரியும். சாவிய வாங்குங்க."

"கிளாக்கர் ஐயா பண்டாரவளையில கல்யாணத்துக்குப் போயிட்டாருங்க. ஆபீஸும் பூட்டு."

"அப்ப நாளைக்குத்தான். பூட்ட மட்டும் ஒடைச்சிறாதீங்க. ஒடைச்சா அதையே சாக்கா வச்சுக் கழட்டிருவாரு."

"ஒடைக்க மாட்டேங்க. அப்புறம்?"

 கொஞ்சம் காத்திருந்துவிட்டு அவரே போனை வைத்துவிட்டார். ரொட்டியைத் தட்டிலேயே போட்டேன். சனியன் பிடித்த வேலை என்று திட்டிக்கொண்டே வேனை எடுத்தேன்.

போய்ச் சேர்ந்தபோது மடுவத்தில் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது, உள்ளே டைமர் பெட்டி பூட்டியபடியே இருந்தது. வழியில் நின்ற ஒருத்தர் மேலே கையைக் காட்டி, "ஆயாம்மா பங்களாவுக்குப் போயிருச்சு" என்றார்.

பங்களாவில் சமைக்கிற அப்பு பின்வாசலில் வைத்து எனக்கு நடந்ததைச் சொன்னார். ஆயாம்மா பழைய கொழுந்துக்கூடையில் சேலையை மெத்தையாகப் போட்டு, நடக்கத் தெரியாத இரண்டை அதில் உட்காரவைத்து, பட்டியைத் தலையில் மாட்டிக்கொண்டார். இடுப்பில் ஒன்று. மற்றதெல்லாம் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தன. மழைக்கு மேலே ரப்பர் ஷீட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு பங்களா மேட்டை ஏறி, முன்வாசலில் வந்து நின்றிருக்கிறார். துரை, சின்ன வயசுச் சிங்களவர், தோட்டத்துத் தமிழ் பேசுவார், பயந்துபோய் எழுந்து வந்தாராம்.

"என்ன ஆயா, ஸ்ட்ரைக்கா?"

"இல்லங்க தொரை. குளிருங்க."

நான் உள்ளே எட்டிப் பார்த்தபோது கணப்பில் கட்டைகள் எரிந்துகொண்டிருந்தன. துரையின் கம்பளத்தின்மேல் பிள்ளைகள் உருண்டுகொண்டிருந்தார்கள், ஒன்று கம்பளத்தை நனைத்தும் வைத்திருந்தது. ஆயாம்மா தரையில் உட்கார்ந்து வரிசையாகப் பாதம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். துரை நல்ல மனுஷன். ஈரக் கம்பளத்தைப் பார்த்தும் முகம் சுளிக்கவில்லை.

"இனிமே கைக்காசு ஞாயிறுன்னா நேரா இங்க கொண்டு வாங்க ஆயா. நெருப்புப் போட்டு வைக்கச் சொல்றேன்" என்றார்.

எனக்கே கண் கலங்கிவிட்டது. ஒரு துரை இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆயாம்மாவுக்குப் பதிலாக நானே கும்பிட்டு நன்றி சொல்லிவிடலாமா என்றிருந்தது.

"வேண்டாங்க தொரை" என்றார் ஆயாம்மா.

"ஏன்?"

"நீங்க நல்லவருங்க. ஆனா நீங்க மாறிப் போயிருவீங்க. அடுத்து வர்ற தொரைகிட்ட நான் மறுபடி படியேறி வந்து நிக்கணும். அவரு நல்லவரா இருக்கணும்னு புள்ளைங்க நேந்துக்கணும். எதுக்குங்க? மடுவம் இருக்கு, ஹீட்டரு இருக்கு, பாஸ் டைமரு போட்டுக் குடுத்திருக்காரு. சாவிதாங்க இல்ல."

 துரை போனை எடுத்துப் பெரிய கிளாக்கரைக் கூப்பிட்டார்.

பெரிய கிளாக்கர் கல்யாண வேட்டியோடு, நெற்றியில் சந்தனம் காயாமல் வந்து சேர்ந்தார். பந்தியிலிருந்து எழுந்து வந்திருக்க வேண்டும், முகம் அப்படி இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் வேகம் கூடியது.

"சாவிய இதுகிட்ட குடுத்தா பில்லுக்கு யார் சார் பொறுப்பு?"

"நான்" என்றார் ஆயாம்மா.

"எகிறுச்சுன்னா?"

"நீங்களே வந்து கழட்டுங்க ஐயா. நான் ஏணியப் புடிச்சுக்கிறேன்."

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இத்தனை நாள் அவர் கேட்டதெல்லாம் பிள்ளைகளுக்காக. இப்போது ஹீட்டர் நின்றாலும் விழுந்தாலும் தன் தலையில் என்று ஏற்றுக்கொண்டு நிற்கிறார். கைக்காசு ஞாயிறுகளையும் சேர்த்து எரித்தால் பில் தாங்குமா என்பது எனக்கே தெரியாது.

துரை தலையசைத்தார். கிளாக்கர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். எடுத்து, ஆயாம்மாவைத் தாண்டி என்னிடம் நீட்டினார். "பாஸ், நீங்க வச்சுக்குங்க. தேவைப்பட்டா வந்து தொறந்து குடுங்க." பதுளையிலிருந்து நான் வந்து திறக்க வேண்டுமாம்!

நான் கையை நீட்டவில்லை. ஆயாம்மா இடுப்புப் பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ளங்கையை விரித்தார்.  கிளாக்கர் துரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சாவியை அந்தக் கையில் வைத்தார்.

மடுவத்துக்கு இறங்கி வந்து பெட்டியை ஆயாம்மாவே திறந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கும் நேரம் வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் பாஸ். கைக்காசு இல்லாத ஞாயிறும் எரியும், வீண். எத அமுக்கணும்னு காட்டுங்க."

காட்டினேன். அமுக்கினார். சுவிட்ச் டக்கென்று பிடித்தது. கைக்காசு நாட்களில் எரிந்ததை ஈடுகட்ட, வார நாட்களில் வெயில் அடிக்கிற காலை என்றால் அவரே முன்கூட்டி அணைத்தும் விடுவார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த மாதம் பில் கூடவில்லை.

பூட்டியதும் சேலைக்குள்ளிருந்து தாலிக்கயிற்றை வெளியே எடுத்தார். அதில் இருந்த ஊக்கில் சாவியைக் கோர்த்து, மறுபடி உள்ளே போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை கிளாக்கர் வந்து, டைமரைப் பார்க்க வேண்டும், சாவியைக் கொடு என்று கேட்டாராம். "வாங்க ஐயா, தொறந்து காட்றேன்" என்று இவர் முன்னால் நடந்திருக்கிறார்.